சீசன் முடியப் போகிறது... பர்வதமலைக்கு ஒரு நாள் பயணம்!

திருவண்ணாமலை பேருந்து நிலையத்தில் வந்து இறங்குபவர்கள் முதலில் தலையை உயர்த்தி மலையைப் பார்ப்பார்கள். அடுத்து, டீக்கடையிலோ ஆட்டோக்காரரிடமோ ஒரு கேள்வி கேட்பார்கள். "அண்ணே, உச்சிக்கு ஏற விடுவாங்களா?"

"இல்லீங்க... கந்தாசிரமம் வரைக்கும்தான்" என்பதுதான் பதில்.

அண்ணாமலையின் உயரம் 2,668 அடி. கார்த்திகை தீபத்தன்று கொப்பரையில் ஏற்றப்படும் ஜோதி இந்த உச்சியில்தான் எரிகிறது. மற்ற நாட்களில் உச்சிக்கு ஏற வனத்துறை அனுமதிப்பதில்லை. தீபத்தன்று மட்டும், வரிசையில் வந்து அனுமதிச் சீட்டு வாங்கிய 2,500 பேர் வரை ஏறுவது வழக்கமாக இருந்தது. 2024-ல் அதுவும் நின்றது. அந்த ஆண்டு ஃபெஞ்சல் புயல் மழையில், டிசம்பர் 1 அன்று மலையின் ஒரு பகுதி சரிந்தது. அடிவாரத்தில் வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மீது பாறையும் மண்ணும் விழுந்து 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். டிசம்பர் 13 அன்று தீபம் ஏற்றப்பட்டபோது பொதுமக்கள் யாரும் மலையேற அனுமதிக்கப்படவில்லை.

'மலையே சிவம்' என்று வணங்கும் ஊரில் மலையில் கால் வைக்காமல் சுற்றி வருவதுதான் மரபு, கிரிவலம் அதற்குத்தான் என்பார்கள் பெரியவர்கள். அந்த 14 கிலோமீட்டர் போதும் என்பவர்களுக்கு மனநிறைவு அங்கேயே கிடைத்துவிடும். ஆனால் பாறையில் கை வைத்து ஏறி, ஓர் உச்சியில் நின்று காற்று வாங்க வேண்டும் என்று வருபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த மாவட்டத்திலேயே இன்னொரு மலை இருக்கிறது. அண்ணாமலையைவிட ஏறக்குறைய 1,900 அடி உயரம் அதிகம். அதுதான் பர்வதமலை.

எங்கே இருக்கிறது?

திருவண்ணாமலையிலிருந்து போளூர் போகும் வழியில் கலசப்பாக்கம். அங்கிருந்து உள்ளே திரும்பினால் தென்மாதிமங்கலம். இது ஒரு பக்கத்து அடிவாரம். கடலாடி கிராமம் இன்னொரு பக்கத்து அடிவாரம். திருவண்ணாமலை நகரிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். சென்னையிலிருந்து வருபவர்களுக்கு, கடற்கரை - வேலூர் கண்டோன்மென்ட் மின்சார ரயில் 2024 மே மாதத்திலிருந்து திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது வசதியாகிவிட்டது. முதல் நாள் மாலை வந்து கோயிலில் தரிசனம் முடித்து, இரவு தங்கி, மறுநாள் விடியலில் மலைக்குக் கிளம்புவது உடம்புக்கு நல்லது.

மலையின் உயரம் 4,560 அடி. அடிவாரக் கிராமங்களிலிருந்து கணக்கிட்டாலும் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். மாடிப்படி ஏறி மூச்சு வாங்குகிறவர்களுக்கு இது சாதாரணக் கணக்கு அல்ல. நிதானமாக ஏறினால் மூன்றரை முதல் ஐந்து மணி நேரம் ஆகும்.

உச்சியில் மல்லிகார்ஜுனர், பிரமராம்பிகை. ஆந்திராவின் ஸ்ரீசைலத்திலும் இறைவனுக்கும் இறைவிக்கும் இதே பெயர்கள்தான். கயிலையிலிருந்து வந்த சிவன் முதலில் இந்த மலையில் கால் வைத்தார், அடுத்த அடியை அண்ணாமலையில் வைத்தார் என்று ஊர்மக்கள் கதை சொல்வார்கள். அண்ணாமலைக்குக் கிரிவலம் இருப்பதுபோல இந்த மலைக்கும் உண்டு. மார்கழி முதல் நாளில் பெருங்கூட்டம் மலையைச் சுற்றி வரும்.

ஏன் சீசன் கடைசி?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பாறைகள் காய்ந்து, மார்கழி, தை என்று குளிர் தொடரும்போது பர்வதமலையில் கூட்டம் ஏறிக்கொண்டே போகும். பௌர்ணமி நாட்களிலும் மகா சிவராத்திரியிலும் படிகளில் கால் வைக்க இடம் தேட வேண்டியிருக்கும். சிவராத்திரி முடிந்து, மாசி தேய்ந்து பங்குனி பிறக்கிற நாட்களில் கூட்டம் சட்டென்று குறைந்துவிடும். வார நாட்களில் போனால் வழியில் பறவைச் சத்தம் கேட்கும்.

அந்த நாட்களில் காடும் வேறு முகம் காட்டும். இது இலையுதிர் காடு. மரங்கள் மொட்டையாக நிற்பதால் வழக்கமாக மறைந்திருக்கும் பாறைகள், பள்ளங்கள், தூரத்துக் கிராமங்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். இலையில்லாத கிளைகளில் இலவம் சிவப்பாகவும், புரசு நெருப்பு நிறத்திலும் பூத்திருக்கும். காய்ந்த சருகில் ஓர் ஓணான் ஓடினாலும் ஏதோ பெரிய மிருகம் வருகிறதோ என்று திரும்பிப் பார்க்கத் தோன்றும்.

அழகு ஒருபுறம் இருக்க, ஆபத்தும் இந்த நாட்களில்தான் கூடுகிறது. வெயில், தாகம், நெருப்பு என்ற மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

படி, பாறை, கடப்பாறை!

அடிவாரத்தில் பச்சையம்மன் கோயில். பெரிய பெரிய முனி சிலைகள் கண்களை உருட்டிக் காவல் இருக்கின்றன. கற்பூரம் காட்டுவது, தேங்காய் உடைப்பது எல்லாம் இங்கேயே. பிறகு வீரபத்திரர் கோயிலைக் கடந்தால் படிகள் தொடங்கும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இந்தப் பகுதியில் எல்லோரும் உற்சாகமாகத்தான் ஏறுவார்கள். இளைஞர்கள் செல்ஃபி எடுப்பார்கள். 'அரோகரா' சத்தம் பலமாகக் கேட்கும்.

படிகள் முடிந்ததும் சத்தம் குறையும். அதன்பின் கரடுமுரடான பாதை. உருண்டைக் கற்கள், மர வேர்கள், செங்குத்தான ஏற்றம். பத்தடி ஏறி, ஒரு நிமிடம் நின்று, மறுபடி பத்தடி என்றாகிவிடும். இங்கேதான் மலையேறுகிறவர்களின் நிரந்தர நகைச்சுவை ஒன்று உண்டு. கீழே இறங்கி வருகிறவர்களிடம் "சாமி, இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டால், யாரைக் கேட்டாலும் "இதோ வந்துடுச்சு சாமி... இன்னும் அஞ்சு நிமிஷம்" என்பார்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டாலும் அதே ஐந்து நிமிடம்தான்! பொய்தான் என்று கேட்கிறவருக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பொய்யில்தான் பல பேர் மேலே போய்ச் சேர்கிறார்கள்.

உச்சிக்குக் கீழே உள்ள கடைசிப் பகுதி முழுக்கப் பாறை. பர்வதமலைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது இதுதான். பாறையைத் துளைத்துக் கடப்பாறைகளை நட்டிருக்கிறார்கள். அவற்றின் மேல் கால் வைத்து, பக்கத்தில் தொங்கும் சங்கிலியைப் பிடித்து ஏற வேண்டும். கடப்பாறைப் படி, தண்டவாளப் படி, ஏணிப் படி, ஆகாயப் படி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். பெயரைக் கேட்டாலே எப்படி இருக்கும் என்று புரிந்துவிடும். கீழே பார்த்தால் வெறும் பள்ளம்.

இங்கே மூன்று விதிகளை வழக்கமாக வருபவர்கள் சொல்வார்கள். ஒன்று, முன்னால் போகிறவர் மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்தவர் கால் வைக்க வேண்டும். இரண்டு, இரண்டு கைகளும் காலியாக இருக்க வேண்டும். செல்போன் பைக்குள்தான். மூன்று, இறங்கும்போது ஏணியில் இறங்குவதுபோல முகத்தைப் பாறைப் பக்கம் வைத்துத்தான் இறங்க வேண்டும். ஏறுவதைவிட இறங்குவதில்தான் கால்கள் நடுங்கும். காலையில் பனி ஈரம் இருந்தாலும், மழை தூறினாலும் இரும்பு வழுக்கும். அப்போது ஏறாமல் காத்திருப்பது கோழைத்தனம் அல்ல.

உச்சியில்...

பாறையின் தலையில் சின்னக் கோயில். பெரிய கோபுரம், பிராகாரம், கட்டண வரிசை எதுவும் கிடையாது. கொண்டுவந்த தண்ணீரையும் பூவையும் வைத்துப் பக்தர்கள் தாங்களே பூஜை செய்வது இந்த மலையின் வழக்கம். கீழே ஊரில் கம்பிக்கு அப்பால் நின்று நொடிப்பொழுது பார்த்துவிட்டு நகர்ந்த கைகள், இங்கே லிங்கத்தின் மீது தண்ணீர் ஊற்றுகின்றன. நான்கு மணி நேரம் ஏறி வந்தவர்களில் பலர் இந்த இடத்தில் கண் கலங்குவதைப் பார்க்கலாம். சாமி கும்பிடாதவர்கள்கூடப் பாறை ஓரம் போய் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள்.

நான்கு பக்கமும் காட்சி. ஒரு பக்கம் ஜவ்வாது மலைத் தொடர், அலை அலையாக. கீழே செய்யாற்றின் மணல், ஏரிகள், நெல்லும் கரும்பும் நிற்கும் வயல்கள். வானம் தெளிவாக இருந்தால் அண்ணாமலையும் தெரியும். தினமும் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் மலை, இங்கிருந்து பார்க்கும்போது கண்மட்டத்துக்குக் கீழே ஒரு நீலக் கும்பமாக நிற்கும்.

காற்று குளிர்ச்சியாக இருக்கும். ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஏறக்குறைய ஆறு டிகிரி குறையும். கீழே வியர்த்து ஊற்றியவர்கள் மேலே துண்டைப் போர்த்திக்கொள்வது அதனால்தான். ஆனால் இந்தக் குளிர்ச்சியை நம்பி அங்கேயே உட்கார்ந்துவிடக் கூடாது. இறங்க வேண்டிய பாறைகள் அதற்குள் காய்ந்துகொண்டிருக்கும்.

சங்க காலத்து வழிகாட்டி!

இந்த மலைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், செங்கண்மாவில் ஆண்ட நன்னனைப் பற்றிய நூல். இன்றைய செங்கம்தான் அந்தச் செங்கண்மா. பாடியவர் பெருங்கௌசிகனார். மொத்தம் 583 அடிகள். அதில் வரும் நவிரம் என்ற மலையும், அங்கே உறையும் காரியுண்டிக் கடவுளும் இந்தப் பர்வதமலையைத்தான் குறிக்கின்றன என்பது பரவலான கருத்து. நூலில் வரும் சேயாறுதான் இன்றைய செய்யாறு.

நன்னனிடம் பரிசு வாங்கிய கூத்தர் ஒருவர், பரிசு தேடிப் புறப்பட்ட இன்னொரு கூட்டத்துக்கு வழி சொல்வதுபோல அமைந்த பாட்டு இது. இன்றைய மொழியில் சொன்னால் ஒரு மலையேற்றக் கையேடு! தினைப்புனத்தில் பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்கும், அதனால் இரவில் நடக்காமல் தங்கியிருந்து விடிந்த பிறகு போங்கள் என்கிறது. பரண்மேல் இருப்பவர்கள் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்தின் பின்னால் ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்கிறது. பாசி படிந்து வழுக்கும் இடங்களில் கொடிகளைப் பிடித்துக்கொண்டு போங்கள் என்கிறது. இருட்டிவிட்டால் சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோலக் குகைக்குள் போய்த் தங்குங்கள் என்கிறது.

கொடி இருந்த இடத்தில் இன்று சங்கிலி இருக்கிறது. பன்றிப் பொறி இல்லை. ஆனால் விடிந்த பிறகு ஏறு, வழுக்கும் இடத்தில் பிடிமானம் தேடு என்ற அறிவுரைகளுக்கு இன்னும் வயதாகவில்லை.

நெருப்பு... கவனம்!

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் இறங்கி வரும்போது காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். அதுவும் இதே மாசிக் கடைசிதான். இதே காய்ந்த புல்தான். அதற்குப் பிறகு தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளில் மலையேற்றத் திட்டம் தொடங்கியது. 2025-ல் அந்தப் பாதைகளைக்கூடக் காட்டுத்தீ காலம் என்பதால் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடி வைத்தது.

பர்வதமலை கோயிலுக்குப் போகும் பாதை. அதனால் கூட்டமும் அதிகம், பொறுப்பும் அதிகம். பாதையோரம் கற்பூரம் ஏற்றிவிட்டு அணைக்காமல் போவது, பீடி, சிகரெட் துண்டை வீசுவது, கல் கூட்டிச் சமைப்பது ஆகிய மூன்றில் எது நடந்தாலும் ஒரு மலைச்சரிவே கருகிவிடும். நெருப்பு சரிவில் மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். மனிதனால் அந்த வேகத்தில் ஏற முடியாது. கற்பூரம் அடிவாரத்தோடு போதும். மேலே பூவும் தண்ணீரும் போதும்.

தூரத்தில் புகை தெரிந்தால் வேடிக்கை பார்க்காமல், வீடியோ எடுக்காமல் உடனே வந்த வழியே இறங்கிவிட வேண்டும். புகை கீழே இருந்து வந்தால் புல் இல்லாத வெட்டவெளிப் பாறையில் நிற்பதுதான் பாதுகாப்பு. உதவிக்கு 112 என்ற எண்ணை அழைக்கலாம்.

கிளம்பும் முன்...

* முந்தின நாளே அடிவாரத்திலோ வனத்துறையினரிடமோ அனுமதி நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். மழை, தீ அபாயம் காரணமாகப் பாதை மூடப்படும் நாட்களில் குறுக்குவழி தேட வேண்டாம். மழைக்காலத்தில் சில நிமிடங்களிலேயே ஓடையில் வெள்ளம் வந்துவிடும்.

* வெளிச்சம் வந்ததும் ஏறத் தொடங்கி, பத்து மணிக்குள் உச்சியைத் தொட்டு, பதினொரு மணிக்கு இறங்கத் தொடங்கிவிட்டால் உச்சி வெயிலின் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். பதினொரு மணிக்கும் உச்சி வரவில்லை என்றால் அங்கிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். மலை எங்கும் போய்விடாது.

* ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். கொஞ்சம் உப்பு போட்ட மோர், எலுமிச்சைச் சாறு, பேரீச்சை, கடலை மிட்டாய். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறக் கூடாது. வெறும் வயிற்றோடும் ஏறக் கூடாது.

* குரங்குகள் உண்டு. கையில் பிளாஸ்டிக் பை தொங்கினால் அதற்குள் சாப்பாடு என்று அவற்றுக்குத் தெரியும். எல்லாவற்றையும் முதுகுப் பைக்குள் வையுங்கள். பழம் கொடுத்துப் பழக்கவும் வேண்டாம்.

* இதய நோய், ஆஸ்துமா, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள் கடப்பாறைப் பாதைக்குப் போக வேண்டாம். நெஞ்சு இறுக்கம், தலைச்சுற்றல், வியர்வை நின்று உடம்பு கொதிப்பது இவற்றில் எது வந்தாலும் மேலே ஏறாமல் ஆள் துணையோடு நிழலில் உட்கார்ந்து, உடனே 112-ஐ அழைத்து உதவி கேளுங்கள்.

* வெறும் காலில் ஏறுவதாக வேண்டிக்கொண்டவர்கள் இறங்கும்போது போட்டுக்கொள்ளச் செருப்பைப் பையில் எடுத்துப் போகலாம். நண்பகல் பாறை அடுப்புக்கல் மாதிரி சுடும்.

ஏற முடியாதவர்களுக்கு...

குடும்பத்தில் தாத்தா, பாட்டி இருந்தால் அவர்களை வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. திருவண்ணாமலையிலேயே ரமணாசிரமத்தின் பின்பக்கமிருந்து கந்தாசிரமம் போகும் கல்பாதை இருக்கிறது. மெதுவாக நடந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1896-ல் சிறுவனாக இந்த ஊருக்கு வந்த ரமண மகரிஷி, 1899 முதல் 1916 வரை விருபாட்ச குகையிலும், அதன்பின் 1922 வரை கந்தாசிரமத்திலும் இருந்தார். கந்தாசிரமப் பாதையில் ஓரிடத்தில் நின்று பார்த்தால் அண்ணாமலையார் கோயிலின் கோபுரங்கள் அத்தனையும் கைக்கு எட்டுகிற மாதிரி தெரியும். பேரன் பர்வதமலையிலும், தாத்தா கந்தாசிரமத்திலும் ஏறிவிட்டு, மாலையில் ஒன்றாக உட்கார்ந்து கதை பேசலாம்.

ஒரு புல் முடிச்சு

2024 தீபத்தன்று அண்ணாமலை உச்சிக்குப் பொதுமக்களை விடாததற்கு மழையும் மண்ணும் காரணம். அதில் யாரும் எதுவும் செய்துவிட முடியாது. பர்வதமலை திறந்திருப்பதும் மூடுவதும் பாதி, ஏறுகிறவர்கள் கையில்தான் இருக்கிறது. ஒரு தீ, ஒரு விபத்து, பாறை இடுக்கெல்லாம் தண்ணீர் பாட்டில்கள் என்று போனால், இங்கேயும் ஒருநாள் "உச்சிக்கு விட மாட்டாங்க" என்ற பதில்தான் கிடைக்கும்.

மலைபடுகடாத்தில் இன்னொரு அறிவுரையும் வருகிறது. வழி பிரிகிற இடத்தில், பின்னால் வரும் புதியவர்கள் திகைக்காமல் இருக்கப் புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள் என்கிறார் அந்தக் கூத்தர். வரப்போகிறவர் யார் என்று தெரியாது. ஆனாலும் அவருக்காகக் குனிந்து ஒரு முடிச்சு போட வேண்டும். இன்றைக்கு வழி தெரியாமல் யாரும் திகைப்பதில்லை. அந்த முடிச்சுக்குப் பதிலாக, கொண்டுபோன காலி பாட்டிலையும், வழியில் கிடக்கும் இன்னொருவரின் பாட்டிலையும் பைக்குள் போட்டுக் கீழே கொண்டுவந்தால் போதும். அடுத்த கார்த்திகையில் ஏறப் போகிறவருக்கு மலை சுத்தமாக இருக்கும்.